ஒரு சொட்டும் ஒழுகாத வண்டி

எங்கள் சுகாதாரத் துறை ஒரு வண்டியைத் துருவிலிருந்து காப்பாற்றிய கதை இது. காப்பாற்றிவிட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் பதற வேண்டாம். சான்றிதழ் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டுப் பிரிவுத் தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். நான் அந்த வண்டியின் டிரைவர். டிரைவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர்கள் நானும் மெக்கானிக்கும் மட்டும்தான் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

வண்டி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், எஞ்சினின் மூச்சுக்குழாயைக் கூரை வரை தூக்கி வைத்த வண்டி. அப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்றால், எங்கள் ஊர்க் கரைக்கு எதிரே ஒரு மணல்திட்டு இருக்கிறது. திட்டில் முந்நூறு வீடுகள். நடுவில் ஒன்றரை கிலோமீட்டர் உப்புத் தண்ணீர். கடல் ஏறினால் இடுப்பளவு, இறங்கினால் முழங்காலுக்குக் கீழே. தண்ணீர் ஏறும்போது இழுப்பு படகைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும், இறங்கினால் படகு விட ஆழம் போதாது, சாதாரண ஆம்புலன்ஸ் பாதி வழியில் புதைந்துவிடும். திட்டில் சிறுநீரகம் பழுதான ஐந்து பேர் இருந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்கு வந்து, நாலு மணி நேரம் மிஷினில் படுத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போனால்தான் அடுத்த வாரத்தைப் பார்க்க முடியும். அந்த ஐந்து பேரில் ஒருத்தி என் அக்கா.

இன்னொருவர் தையற்காரர். கடைசி இருக்கை அவருடையது. வண்டி வந்த முதல் மாதமே இருக்கை உறை சரியில்லை என்று திட்டிவிட்டு, அளவெடுத்துப் போய், வீட்டில் இருந்த திரைத் துணியில் ஆறு உறை தைத்துக் கொண்டுவந்து மாட்டினார். மற்ற மூன்று பேரும் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். அக்காவும் தையற்காரரும் வழி நெடுக யாரையாவது கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள்.

வண்டி வந்த அன்றே பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக்கை ஊரில் எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், நான் கிரீஸ் அண்ணன் என்பேன். டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு அடியில் நுழைந்தவர், என்னையும் இழுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தார்.

"தம்பி, இந்த சேசிஸ் சட்டம் ரெண்டும் தெரியுதா? மொத்த வண்டியும் இது மேலதான் உக்காந்திருக்கு. உள்ள பொந்து. கீழயும் பக்கத்துலயும் வரிசையா ஓட்டை இருக்கு பாரு. கம்பெனிக்காரனே போட்டது. உள்ள போற தண்ணி வெளிய வர்றதுக்கு. உப்புத்தண்ணி உள்ள தங்கிடுச்சுன்னா, வெளிய ஒண்ணுமே தெரியாது, உள்ளேர்ந்து தின்னுடும்."

"என்ன செய்யணும் அண்ணே?"

"கடந்து வந்த ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணி அடிச்சுக் கழுவு. வருஷத்துக்கு ஒரு வாட்டி உள்ள மெழுகெண்ணெய் பீய்ச்சி விடுறேன். ஓட்டைய மட்டும் எவனையும் தொட விடாத."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பதினஞ்சு வருஷம் ஓடும்."

இரண்டு மாதம் அப்படியே செய்தேன். ஆஸ்பத்திரிப் பின்பக்கக் குழாயில் தண்ணீர் பிடித்து, அடியில் புகுந்து இருபது நிமிஷம் கழுவுவேன். சட்டை நனையும், வண்டி சுத்தமாகும். யாருக்கும் தெரியாத வேலையாக இருந்தவரை நன்றாகத்தான் நடந்தது.

அப்புறம் எங்கள் இயக்குநர் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். போன இடத்தில், வாகனங்களின் அடிப்பாகம் துருப்பிடிப்பதைப் பற்றி யாரோ அரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள். திரும்பி வந்த வாரமே அடிப்பாகப் பாதுகாப்புப் பிரிவு தொடங்க உத்தரவு போட்டார். புது ஆட்களை எடுக்க அனுமதி இல்லை. ஆனால் துறையில் மேல்நிலைத் தொட்டிப் பராமரிப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. தொட்டிகளை எல்லாம் நகராட்சி எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. தொட்டி போனாலும் பிரிவு போகவில்லை. இருபத்திரண்டு பேர் காலையில் வந்து கையெழுத்துப் போட்டு, மாலையில் கையெழுத்துப் போட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை அப்படியே பெயர் மாற்றி வண்டிக்கு அடியில் வைத்தார்கள். துறையில் துருப்பிடிக்கக் கூடிய இறக்குமதி வண்டி ஒன்றே ஒன்று. ஒரு வண்டிக்கு இருபத்திரண்டு பேர்.

தொடக்க விழாவில் பிரிவுத் தலைவர் பேசினார். எங்களையெல்லாம் வெயிலில் நிற்க வைத்து, வண்டியை நிழலில் நிறுத்தியிருந்தார்கள்.

"நான் முப்பது வருஷம் தொட்டியோட வாழ்ந்தவன். என் சர்வீஸ்ல ஒரு தொட்டி ஒழுகுனது கிடையாது. சில தொட்டியில தண்ணியே வந்தது கிடையாது, அது வேற விஷயம். ஆனா ஒழுகுனது கிடையாது. தண்ணி குடுக்கறது வேற பிரிவு, ஒழுகாம பாக்குறதுதான் நம்ம பிரிவு. அந்தப் பேர இந்த வண்டியிலயும் காப்பாத்துவேன்னு உறுதி சொல்றேன்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என்ன சொன்னார் என்று புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

முதல் உத்தரவு என்னைப் பற்றியது. டிரைவர் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவக் கூடாது. கழுவுவது பாதுகாப்பு, பாதுகாப்பு பிரிவின் வேலை. கழுவும் முறை பற்றிய வழிகாட்டி தயாராகும் வரை யாரும் கழுவக் கூடாது. அந்த வழிகாட்டி இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, ஆய்வு. தலைவரும் உதவிப் பொறியாளரும் நோட்டுப் புத்தகத்துடன் வந்தார்கள். அடியில் படுத்துப் பார்க்கலாம் என்று கோணிப்பை விரித்து வைத்திருந்தேன். தலைவர் அதைப் பார்த்த பார்வையில் அவசரமாகச் சுருட்டிக்கொண்டேன். இருபத்திரண்டு பேரில் குனிவதற்கென்று ஒரு பதவி இல்லையாம். நீளக் குச்சியில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டி வண்டிக்கு அடியில் நீட்டினார்கள். தலைவர் முதலில் தன் மீசையைப் பார்த்துச் சரிசெய்துகொண்டார். அதன் பிறகுதான் சேசிஸைப் பார்த்தார்.

உதவிப் பொறியாளர் கையில் இருந்தது தொட்டி ஆய்வுப் படிவம். நாலாயிரம் படிவம் அச்சடித்துக் கிடக்கிறதாம், வீணாக்க மனசு வரவில்லை. 'தொட்டி' என்ற இடத்தில் அடித்துவிட்டு 'வண்டி' என்று எழுதியிருந்தார்.

"வண்டிக்கு மூடி இருக்கா?"

"இல்லைங்க."

"ஏறி இறங்க ஏணி?"

"படி இருக்குங்க."

"உள்ள பாசி புடிச்சிருக்கா? பறவை, அணில் ஏதாவது செத்துக் கிடக்கா?"

"அஞ்சு பேரு வர்றாங்க சார். இதுவரைக்கும் யாரும் சாகலை."

அவர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். பத்தாவது கேள்வி: துளை, கசிவு உண்டா? உண்டெனில் எண்ணிக்கை. கண்ணாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி எண்ணினார்கள். நாற்பத்தேழு. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நாப்பத்தேழு ஓட்டை! இறக்குமதி இறக்குமதின்னு சொல்லி ஓட்ட வண்டிய நம்ம தலையில கட்டிட்டானுங்களே!"

"சார், அது கம்பெனியில போட்டது. உள்ள போற தண்ணி வெளிய வரணும்ல சார்."

"உள்ள ஏன்ப்பா போகுது?"

"கடல்ல போற வண்டி சார்."

"போனா போகட்டும். வெளிய வந்தாத்தான்ப்பா கசிவு. உள்ளயே இருந்துட்டா அது கொள்ளளவு."

உதவிப் பொறியாளர் அதைத் தனியாகக் குறித்துக்கொண்டார். ஓட்டைகளை அடைக்க வேண்டாம் என்று கிரீஸ் அண்ணன் சொன்னதை நான் மூன்று தடவை சொன்னேன். அவர் எந்தக் கிரேடு என்று கேட்டார்கள். பட்டறை வைத்திருக்கிறார் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, திட்டிலிருந்து திரும்பி வந்து நின்ற வண்டியில் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோதே வேலையை ஆரம்பித்தார்கள். நாற்பத்தேழு ரப்பர் அடைப்பான், ஓட்டைக்கு ஒன்று. மேலே தார் மாதிரி கெட்டியான கருப்புப் பூச்சு. பூசுகிற ஆளே, "சார், ஈரமா இருக்கு, ஒட்டாது" என்றான். தலைவர் கண்ணாடியை நீட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியில ஈரமா தெரியலையே" என்றார். மூன்று மணி நேரத்தில் அடிப்பாகம் புதுச் செருப்பு மாதிரி மினுமினுத்தது. உப்பை உள்ளே வைத்துப் பூசி மெழுகிவிட்டார்கள். எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது, விழுங்கினேன்.

சான்றிதழ் கொடுக்க வேண்டுமென்றால் சோதனை நடக்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். தொட்டியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் கோடு போட்டு வைத்து, மூன்று நாள் கழித்துக் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது. திங்கட்கிழமை காலை வண்டியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் ஊற்ற வழி வேண்டும், எல்லா ஓட்டையையும் அடைத்தாகிவிட்டது. சட்டத்தின் மேல்பக்கம் சட்டத்துக்கு ஒன்றாகப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார்கள். இவை ஓட்டைகள் இல்லை, நிரப்பு வாய்கள் என்று படிவத்தில் எழுதினார்கள்.

சோதனைக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று தொட்டிக் காலத்துச் சுற்றறிக்கை ஒன்று இருந்தது. அதை யாரும் ரத்து செய்யவில்லை. எனவே கரையோர வாய்க்காலில் இருந்து பீப்பாயில் உப்புத் தண்ணீர் மொண்டு வந்து, புனல் வைத்து, ஊற்றினார்கள். முப்பத்தெட்டு லிட்டர் பிடித்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துருவிலிருந்து காப்பாற்றுவதற்காக ஒரு வண்டியின் எலும்புக்குள் உப்புத் தண்ணீரைப் புனல் வைத்து ஊற்றுவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஊற்றியவர்கள் முகத்தில் கோவிலில் நிற்பவர்களின் பயபக்தி.

செவ்வாய்க்கிழமை வண்டி சோதனையில் இருந்தது. ஐந்து பேரும் திட்டில் இருந்தார்கள். அக்கா போன் செய்தாள்.

"என்னடா, வண்டி வரலையா?"

"தண்ணி ஊத்தி வச்சிருக்காங்கக்கா. மூணு நாள் அசைக்கக் கூடாதாம்."

"எனக்குந்தான் தண்ணி நிறைஞ்சிருக்கு. கால் ரெண்டும் தூண் மாதிரி இருக்கு. என்னையும் கோடு போட்டுப் பாக்கச் சொல்லு, குறையுதான்னு."

சிரித்தாள். மூச்சு வாங்கியது. போனை வைத்த பிறகும் அந்த மூச்சு என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை முடிவு வந்தது. ஒரு சொட்டு குறையவில்லை. இயக்குநரே நேரில் வந்து சான்றிதழைக் கொடுத்தார். துறை வரலாற்றில் முதல் ஒழுகாத வாகனம் என்று புகழ்ந்தார். கூட்டம் கலைந்ததும் நான் தலைவரிடம் போனேன்.

"சார், நாளைக்கு ஆளுங்களக் கூட்டி வரணும். தண்ணிய எடுத்துடலாமா?"

"எப்படி எடுப்ப?"

"அடைப்பானைப் புடுங்கினா வந்துடும் சார்."

"புடுங்கினா ஓட்டையாயிடும். ஓட்டையானா சான்றிதழ் செல்லாது. சான்றிதழ் செல்லாத வண்டிய நீ ரோட்டுல எடுக்க முடியாது. யோசிச்சுப் பேசுப்பா."

யோசித்தேன். அவர் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. நிரப்பு வாய்களுக்கும் மூடி போட்டு இறுக்கினார்கள். முப்பத்தெட்டு லிட்டர் உப்புத் தண்ணீரோடு வெள்ளிக்கிழமை திட்டுக்குப் போனேன்.

பிரேக் போட்டால் சளக். திருப்பினால் சளக். ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்ததும் அக்கா காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். "ஐயோ பாவம், வண்டிக்கும் நம்மள மாதிரி தண்ணி கோத்துக்கிச்சு."

கடைசி இருக்கையிலிருந்து தையற்காரர், "நம்மளோட சேத்து இதையும் மிஷின்ல படுக்க வச்சிடலாம். டாக்டரம்மா கேட்டா, புது நோயாளி, கொஞ்சம் பருமன்னு சொல்லிக்கலாம்" என்றார். தூங்குகிற மூன்று பேரும் கண்ணைத் திறந்து சிரித்தார்கள். வண்டியில் அவ்வளவு சிரிப்பை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

சத்தத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். தலைவர் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியை இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"என்ன ஒரு நிறைவான சத்தம்! முப்பது வருஷமா காலித் தொட்டியத் தட்டித் தட்டிக் காது புளிச்சுப்போச்சு. இதப் போய் கம்ப்ளெயின்ட்டுன்னு எழுதியிருக்கியே. மனுஷனுக்கு ரசனை வேணும்ப்பா."

நாலு மாதம் பொறுத்தேன். ஒருநாள் பட்டறைக்குப் போய்க் கிரீஸ் அண்ணனைக் கூப்பிட்டு ஒரே ஒரு அடைப்பானைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கியதும் முகத்தில் பீய்ச்சியது. கெட்டிச் செம்பழுப்பு, அதில் மிதக்கும் துருச் செதில்கள், பழைய சாக்கடையும் இரத்தமும் கலந்த மாதிரி நாற்றம். கிரீஸ் அண்ணன் முப்பது வருஷமாகச் சேற்றிலும் எண்ணெயிலும் படுத்து எழுந்தவர், அவரே எழுந்து ஓடிப்போய் வாய் கொப்பளித்தார். இதன் மேல்தான் என் அக்காவை உட்கார வைத்துக் கடலில் கூட்டி வந்துகொண்டிருந்தேன்.

துருச் செதில் ஓட்டையை அடைத்து நிற்கும் வரை வழிந்ததை ஒரு வாளியில் பிடித்து நேராகத் தலைவரின் அறைக்குக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தேன். கையைக் காட்டினேன். தலைவர் வாளியை எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்தவில்லை.

"எவ்வளவு இருக்கு?"

"ஆறு லிட்டர் இருக்கும் சார். பாருங்க சார், சட்டமே கரைஞ்சு வருது சார்."

"முப்பத்தெட்டுல ஆறு." அவர் உதவிப் பொறியாளரைப் பார்த்தார். "அரசாங்க வண்டியோட கொள்ளளவுல கை வச்சிருக்கான். எழுது."

என் மேல் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வாய்க்காலில் இருந்து ஆறு லிட்டர் மொண்டு வந்து குறையை நிரப்பினார்கள். இனிமேல் யாரும் பிடுங்க முடியாதபடி நாற்பத்தேழு ஓட்டைக்கும் தகடு வைத்து வெல்டிங் அடித்தார்கள். இயக்குநருக்கு மனு போட்டேன். மனு, பதில் எழுதுவதற்காகப் பிரிவுத் தலைவருக்கே திரும்பி வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

சான்றிதழ் கொடுத்து ஒரு வருஷம் முடிய இரண்டு வாரம் இருந்தது. கிரீஸ் அண்ணன் சாதாரண ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சட்டத்தின் மேல்விளிம்பில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்து அழுத்தினார். சுத்தியல்கூட எடுக்கவில்லை. பிடி வரை உள்ளே போனது.

"தம்பி, இது சேசிஸ் இல்ல. பெயிண்ட்டு. பூச்சு மட்டுந்தான் வண்டியத் தாங்குது." அவர் அடியில் இருந்து வெளியே வந்து, கையைக்கூடத் துடைக்காமல் என் தோளைப் பிடித்தார். "நடு வழியில முறிஞ்சுதுன்னா மேல ஆறு பேரு, சுத்தி தண்ணி. ஆள ஏத்தாத. உங்கக்காவ ஏத்தாத."

இதையும் எழுதிக் கொடுத்தேன். தலைவர் கண்ணாடிக் குச்சியோடு வந்தார். கண்ணாடியில் கருப்பு மினுமினுத்தது. "என்னப்பா, புதுசு மாதிரி இருக்கு!" என்று குச்சி முனையால் பெருமையாக ஒரு தட்டுத் தட்டினார். குச்சி உள்ளே இறங்கியது. வெளியே இழுத்ததும், ஓட்டையிலிருந்து மெல்லிய பழுப்புக் கோடாகத் தண்ணீர் இறங்கி அவர் ஷூவுக்குப் பக்கத்தில் தேங்கியது.

அவர் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு நிமிஷம், மனுஷன் விழித்துக்கொண்டார் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

"ஒழுகுதே..." என்றார். "முப்பத்தோரு வருஷத்துல முதல் தடவ. என் வண்டி ஒழுகுதே!"

இருபத்திரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கூட்டம் போட்டார்கள். மாலையில் சுற்றறிக்கை வெளிவந்தது. தலைவரே என்னைக் கூப்பிட்டு விளக்கினார்.

"துருவுக்குக் காரணம் என்ன? உப்புத் தண்ணி. வண்டி ஏன் உப்புத் தண்ணியில இறங்குது? நீ இறக்குற. அதனால இனிமே வண்டி தண்ணியில இறங்கக் கூடாது. கரையில, தார் ரோட்டுல நிக்கும். நோயாளிங்க எப்படியாவது கரைக்கு வந்துடணும். கரையிலேர்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர், முழுப் பாதுகாப்போட கூட்டிட்டுப் போகலாம்."

"சார், அந்த ரெண்டு கிலோமீட்டருக்கு எந்த வாடகைக் காரும் போதும். தண்ணியத் தாண்டத்தானே சார் இந்த வண்டியவே வாங்கினாங்க?"

"வாங்கினது வேற பிரிவுப்பா. நாங்க காப்பாத்துற பிரிவு."

கிரீஸ் அண்ணன் யாருக்கும் சொல்லாமல் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை கொடுத்து இறுக்கினார். தார் ரோட்டுக்குத் தாங்கும், தண்ணிக்குத் தாங்காது என்றார். கரை வரைக்கும் வர, திட்டுக்காரர்கள் மீன் கூடை ஏற்றும் தள்ளுவண்டியைக் கொடுத்தார்கள். அதில் ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் உட்காரலாம். வேலை நேரத்துக்கு முன்னாலேயே நான் நடந்து திட்டுக்குப் போய், மூன்று நடை தள்ளி, ஐந்து பேரையும் கரை சேர்ப்பேன். கடல் இறங்கும் நேரமும் ஆஸ்பத்திரி மிஷின் நேரமும் எப்போதாவதுதான் ஒத்துப்போகும். நாலு மணி நேரம் படுக்க வேண்டியவர்கள் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு, தண்ணீர் ஏறுவதற்குள் திரும்ப ஓடினார்கள்.

கரையில் பிரிவின் ஆள் ஒருவர் துண்டோடு நிற்பார். நனைந்த காலோடு யாரும் வண்டியில் ஏறக் கூடாது, உப்பு. கால் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்து அவர் அனுமதி கொடுக்க இருபது நிமிஷம் ஆகும். காற்றில் நடுங்கிக்கொண்டு ஐந்து பேரும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருப்பார்கள். தையற்காரர் ஒரு தடவை அந்த ஆளிடம், "தம்பி, தொடைக்கிறதுன்னு ஆயிடுச்சு, விரலிடுக்கையும் சேத்துத் தொடச்சிடு, எனக்குக் குனிய முடியல" என்றார். அந்த ஆள் உண்மையாகவே குனிந்து துடைத்தான். பிரிவில் ஒருவர் குனிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த மாதம் அடுத்தடுத்து ஒரு வெள்ளி, ஒரு செவ்வாய், இரண்டு நாளும் கடற்காற்று தள்ளிக்கொண்டே இருந்ததில் பகல் முழுக்கத் தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை. தள்ளுவண்டி போக முடியாது. எங்கள் வண்டி, நல்ல வண்டியாக இருந்திருந்தால், பத்து நிமிஷத்தில் கடந்திருக்கும். நான் கரையில் நின்றேன். பின்னால் தார் ரோட்டில் வண்டி நின்றது. எதிரே திட்டில் ஐந்து புள்ளிகளாக அவர்கள் நிற்பது தெரிந்தது. வெகுநேரம் நின்றுவிட்டு ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் தையற்காரருக்கு நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது. கடல் இறங்கட்டும் என்று தள்ளுவண்டியில் உட்கார வைத்துக் காத்திருந்தார்கள். கடல் இறங்குவதற்கு முன்னால் அவர் போய்விட்டார். கூடவே இருந்தவள் அக்காதான். கடைசி வரைக்கும் உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அல்லாடினார் என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். கால் காய்ந்ததும் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டேன். பிரிவில் கூப்பிடுகிறார்கள் என்று ஆள் வந்தது. மாதாந்திர அறிக்கை, டிரைவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தலைவர் நல்ல மனநிலையில் இருந்தார். ஒழுகல் நின்றுவிட்டதாம். உள்ளே இருந்ததெல்லாம் வடிந்து தீர்ந்துவிட்டதால் நின்றுவிட்டது. அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார். ஐந்தாவது வரி இப்படி இருந்தது: 'பயணிகளின் எண்ணிக்கை ஐந்திலிருந்து நான்காகக் குறைந்துள்ளதால், அடிப்பாகத்தின் மீதான சுமை இருபது சதவீதம் குறைந்துள்ளது. முன்னேற்றம் திருப்திகரமானது.'

படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"இதுல எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?"

"ஏன்ப்பா? எது பொய் சொல்லு, மாத்திடுறேன். அஞ்சு பேரா இருந்தாங்களா? இப்ப நாலு பேரா? சுமை கொறஞ்சிருக்கா இல்லையா?" அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அவரு செத்துப்போயிட்டாரு சார்."

"கேள்விப்பட்டேன்ப்பா. வருத்தமான விஷயம். ஆனா அது நோயாளிப் பிரிவு எழுத வேண்டியது. நாம எழுதினா அவங்க கோவிச்சுக்குவாங்க. உனக்குப் போட இஷ்டமில்லன்னா சொல்லு, வேற டிரைவர் போட்டுக்கலாம். கட்டாயம் இல்ல."

வேறு டிரைவர் வருவான். தார் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான். அவன் ஏன் விடிந்ததும் திட்டுக்கு நடந்து போய் யாருடைய அக்காவையோ தள்ளிக்கொண்டு வர வேண்டும்? கையெழுத்துப் போட்டேன். தலைவர் மை காய ஊதினார்.

மத்தியானம் திரும்பும்போது தள்ளுவண்டியில் அக்காவும் இன்னொரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் தூங்கிவிட்டாள். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். பாதி வழி வந்ததும் சொல்லிவிட்டேன், அந்த வரியை அப்படியே, ஒரு சொல் விடாமல்.

அக்கா தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். உதடு அசைந்தது. ஏதோ முணுமுணுக்கிறாள் என்று நினைத்தேன், கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அஞ்சுல ஒண்ணு போனா இருபது. நாலுல ஒண்ணு போனா இருபத்தஞ்சு. அப்புறம் முப்பத்திமூணு. அப்புறம் அம்பது." விரலை மடக்கி நிறுத்தினாள். "போகப் போக நல்ல முன்னேற்றம்தான்டா. மெதுவா தள்ளு, அவ முழிச்சுக்கப் போறா."